மௌனம் சம்மதம் இல்லை மக்களே!

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியல. வழக்கமான காரணம்தான், ஆணி. ஆனா இது ஆணி புடுங்கின கதை இல்லை. ஆணி ஒரு சின்னப் பையன் கால்ல குத்தின கதை. அந்த ஆணியை அங்கே அடிச்சு வெச்சதுல எனக்கும் பங்கு உண்டு. அதனால பதிவு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். பொட்டி தட்டாத நண்பர்கள் டீக்கடை வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க, அதுக்கப்புறம் உங்களுக்கும் புரிஞ்சிடும்.

எங்க டீம்ல நாப்பது ஸ்கிரிப்ட் இருக்கு. ராத்திரி ரிப்போர்ட் எடுக்கிறது, பழைய ஃபைலை அழிக்கிறது, சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்புறது, இந்த மாதிரி எடுபிடி வேலைகளைத் தானா செய்யறதுக்காக எழுதி வெச்சது. ஒவ்வொண்ணுக்கும் நாலஞ்சு விஷயம் சொல்லணும். எந்தச் சர்வர், எத்தனை நாள் பழசு, லாக் எங்கே எழுதணும், தப்பானா யாருக்கு மெயில். இதுக்குப் பேர்தான் பாராமீட்டர். நாம சொல்லலைன்னா ஸ்கிரிப்ட் தானா ஒண்ணை எடுத்துக்கும், அது டிஃபால்ட்.

ஆரம்பத்துல ஒவ்வொரு ஸ்கிரிப்ட்லயும் தனித்தனியா டிஃபால்ட் இருந்தது. மெயில் சர்வர் பேர் மாறினா நாப்பது இடத்துல மாத்தணும், முப்பத்தெட்டுல மாத்திட்டு ரெண்டை மறந்துடுவோம். அப்போ எங்க ஆர்க்கிடெக்ட் அண்ணாத்தை ஒரு நாள் வெள்ளைப் பலகையில கட்டம் கட்டமா வரைஞ்சு, "ஒரே விஷயத்தை ரெண்டு இடத்துல எழுதறது பாவம்"னு பிரசங்கம் பண்ணி, எல்லா டிஃபால்ட்டையும் ஒரே ஃபைல்ல கொண்டு போய் வெச்சார். காமன் ஃபைல்னு பேர். நாப்பது ஸ்கிரிப்ட்டும் கிளம்பும்போது அதைத்தான் முதல்ல படிக்கும். நாங்களும் கை தட்டினோம். அவர் சொன்னது அப்போ எனக்கு நூத்துக்கு நூறு சரின்னுதான் பட்டது.

அந்த ஃபைல்ல என்ன இருந்ததுன்னு கேளுங்க. லாக் ஃபோல்டர். மெயில் சர்வர். டைம் அவுட் 30 செகண்ட். தோத்தா 3 தடவை திரும்ப முயற்சி. அதே வரிசையில, அதே எழுத்துல, எந்த வித்தியாசமும் இல்லாம, "என்விரான்மென்ட்: டெஸ்ட்". அதுக்கும் கீழே, "எத்தனை நாள் வெச்சுக்கணும்: 7".

இப்போ வெள்ளிக்கிழமை சாயங்காலம். ராத்திரி ரிப்போர்ட் புதுசா ஒண்ணு சேர்த்திருந்தோம். அதை ஓட்டுற ஜாப்ல எந்த என்விரான்மென்ட்னு யாரும் சொல்லல. ஸ்கிரிப்ட் காமன் ஃபைலைப் பார்த்து, "ஓ, டெஸ்ட்டா, சரி"ன்னு டெஸ்ட் டேட்டாபேஸ்ல போய் ரிப்போர்ட் எடுத்து, "வெற்றி"ன்னு மெயிலும் அனுப்பிடுச்சு. க்ளையன்ட் திறந்து பார்த்தா உள்ளே ஒண்ணும் இல்லை. ஒரே ரகளை. டேமேஜர் நின்ன இடத்துலயே நின்னு குதிச்சார். எங்க சீனியர் ஒருத்தர் ரெண்டே நிமிஷத்துல காரணத்தைக் கண்டுபிடிச்சு, காமன் ஃபைல்ல "டெஸ்ட்"டை "ப்ராட்"னு மாத்தினார். ஒரே ஒரு வார்த்தை. அதை இன்னொருத்தர் பார்த்து ஓகே சொல்லணும்னு எங்க விதி. பார்த்து ஓகே சொன்ன அந்த இன்னொருத்தன் யாருன்னு நினைக்கறீங்க? அடியேன்தான். பஸ்ஸுக்கு நேரம் ஆயிடுச்சுன்னு ஒரு கண்ணால பார்த்துட்டு ஓகே போட்டேன்.

சனிக்கிழமை காலையில, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆன ஒரு தம்பி, எட்டு மாசமா வாரா வாரம் செய்யற அதே வேலையைச் செஞ்சான். டெஸ்ட் சர்வர்ல 7 நாளுக்கு மேல பழசான ஸ்கேன் ஃபைல்களை அழிக்கிற ஸ்கிரிப்ட். அவன் கையில கொடுத்திருந்த கையேட்டுல கமாண்ட் ஒரே வார்த்தை. அதுக்கப்புறம் எந்தப் பாராமீட்டரும் இல்லை. எழுத்துப் பிசகாம அதையே அடிச்சான். ஸ்கிரிப்ட் காமன் ஃபைலைப் பார்த்தது. என்விரான்மென்ட் ப்ராட். நாள் 7. அழிக்க ஆரம்பிச்சது. வருஷக் கணக்கா வெச்சிருந்த இன்வாய்ஸ் ஸ்கேன் எல்லாம் போச்சு. முடிஞ்சதும் "வெற்றி"ன்னு மெயில் வேற.

பேக்கப் பார்க்கிற புண்ணியவான் வெள்ளி ராத்திரி பேக்கப்பை ஒழுங்கா எடுத்து வெச்சிருந்ததால எல்லாம் திரும்பி வந்தது. திங்கட்கிழமை ராத்திரி ஆயிடுச்சு, அவ்வளவுதான். ஆனா காரணம் கண்டுபிடிக்கிற ஆர்.சி.ஏ. டாக்குமெண்ட் ஒண்ணு எழுதினாங்க பாருங்க, அதைப் படிச்சிட்டுத்தான் எனக்கு இந்தப் பதிவு எழுதற கோவம் வந்தது. மூல காரணம்: மனிதத் தவறு. விளக்கம்: கமாண்டை ஓட்டினவர் எந்த என்விரான்மென்ட்னு சரிபார்க்கத் தவறிட்டார். நடவடிக்கை: அவரை ப்ராஜெக்ட்ல இருந்து விடுவிச்சாச்சு. டெஸ்ட்டை ப்ராட்னு மாத்தினவர் பேர் அதுல இல்லை. ஓகே போட்ட என் பேரும் இல்லை. காமன் ஃபைலைக் கண்டுபிடிச்ச அண்ணாத்தை பேர் எப்படி இருக்கும், அவர்தானே அந்த டாக்குமெண்ட்டையே எழுதினார்!

எல்லா நாளும் செஞ்ச அதே காரியத்தை அதே மாதிரி செஞ்சவன் தப்பு பண்ணவன். அவனுக்குத் தெரியாம அந்தக் காரியத்தோட அர்த்தத்தை மாத்தின நாங்க எல்லாம் உத்தமர்கள். என்ன நியாயம்யா இது?

சரி, இப்போ டீக்கடைக்குப் போவோம். டீக்கடையில போய் "மாஸ்டர், ஒரு டீ"ன்னா சர்க்கரை போட்டுத்தான் வரும். நீங்க சர்க்கரைன்னு சொல்லவே இல்லை, ஆனாலும் வரும். அது டிஃபால்ட். எங்கப்பா மாதிரி சுகர் உள்ளவங்க "சர்க்கரை இல்லாம"ன்னு சொல்லிக்குவாங்க. மறந்து சொல்லாம விட்டாலும் முதல் வாயிலயே தெரிஞ்சிடும், கிளாஸைக் கீழே வெச்சிடலாம். ரொம்ப நல்ல ஏற்பாடு. இப்போ அதே தெருவுல மெடிக்கல் ஷாப்புக்குப் போய் "அண்ணே, ஒரு மாத்திரை"ன்னு மட்டும் சொல்லுங்க. என்ன மாத்திரைன்னு கேப்பாரா, இல்லை "இந்தத் தெருவுல எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க"ன்னு ஒரு அட்டையைக் கிழிச்சுக் கொடுப்பாரா? எங்க காமன் ஃபைல் பண்ணது ரெண்டாவது. டீயையும் மாத்திரையையும் ஒரே அலமாரியில அடுக்கி வெச்சோம்.

அண்ணாத்தை வகையறா இங்கே ஒரு வாதம் வைப்பாங்க. "அப்போ நாப்பது இடத்துல எழுதச் சொல்றியா? பழைய காலத்துக்கே போகச் சொல்றியா?" இல்லீங்க. இவங்க ரெண்டு தனித்தனி விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. ஒரு மதிப்பை ஒரே இடத்துல எழுதி வைக்கிறது வேற. யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா அந்த மதிப்பை எடுத்துக்கறது வேற. முதலாவது சிக்கனம். ரெண்டாவது ஊகம். ப்ராட் சர்வரோட முகவரி, டெஸ்ட் சர்வரோட முகவரி ரெண்டையும் காமன் ஃபைல்ல தாராளமா எழுதி வைங்க, முகவரி மாறினா ஒரே இடத்துல மாத்துங்க, நானும் கை தட்டறேன். ஆனா அந்த ரெண்டுல எதுங்கறதை ஸ்கிரிப்ட்டைக் கூப்பிடறவன் வாய் திறந்து சொல்லியே ஆகணும். சொல்லலைன்னா ஸ்கிரிப்ட் ஓடக்கூடாது. சிக்கனத்தைக் காட்டி ஊகத்தை உள்ளே விடறதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அடுத்து இன்னொரு கோஷ்டி. "டெஸ்ட்னே இருந்திருந்தா இந்த வம்பே இல்லையே? பாதுகாப்பான டிஃபால்ட்டை மாத்தினதுதான் தப்பு." கேக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு. ஆனா வெள்ளிக்கிழமை என்ன நடந்ததுன்னு திரும்பப் பாருங்க. அந்தப் பாதுகாப்பான டெஸ்ட்தான் ரிப்போர்ட்டை வெறும் தாளா அனுப்பி "வெற்றி"ன்னு சொன்னது. டிஃபால்ட்டே இல்லாம இருந்திருந்தா அந்த ஜாப் முதல் ராத்திரியே "எந்த என்விரான்மென்ட்னு சொல்லலை"ன்னு கத்தி நின்னிருக்கும், அந்த ஜாப்ல மட்டும் ஒரு வார்த்தையைச் சேர்த்துட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம். காமன் ஃபைலைத் தொட வேண்டிய அவசியமே வந்திருக்காது. இருந்ததாலதான் மாத்தணும்னு ஒருத்தருக்குத் தோணிச்சு.

பொது டிஃபால்ட்டை மாத்தும்போது மாறுறது ஒரு வார்த்தை மாதிரி தெரியும். உண்மையில மாறுறது அதை நம்பி வாயை மூடிக்கிட்டிருந்த அத்தனை ஸ்கிரிப்ட்டோட அர்த்தம். அந்த மாற்றத்தைப் பார்த்து ஓகே போடற என்னை மாதிரி ஆளுக்குத் திரையில தெரியறது அந்த ஒத்தை வார்த்தை மட்டும்தான். பாதிக்கப்படப் போற நாப்பதும் கண்ணுக்குத் தெரியாது. ஏன்னா அவங்க எங்கேயும் எதையும் எழுதி வைக்கல. எழுதாததைத் தேடவும் முடியாது.

2012 ஆகஸ்ட் 1-ல அமெரிக்காவுல நைட் கேப்பிட்டல்னு ஒரு பங்குத் தரகு நிறுவனம் முக்கால் மணி நேரத்துல 46 கோடி டாலருக்கு மேல இழந்த கதை பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அங்கேயும் உள்ளே இருந்தது இதே சமாச்சாரம்தான். பழைய காலத்துல வேற ஒரு வேலைக்கு வெச்சிருந்த ஒரு கொடியை, அதான் ஃப்ளாக், புது வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. எட்டு சர்வர்ல ஏழுல புது நிரல் போய்ச் சேர்ந்தது, ஒண்ணுல போகல. அந்த ஒண்ணு மட்டும் கொடியைப் பார்த்துட்டு அதோட பழைய அர்த்தத்தை எடுத்துக்கிட்டு ஆர்டரா போட்டுத் தள்ளிச்சு. அது டிஃபால்ட் கதை இல்லைதான். ஆனா பொதுவா வெச்ச ஒண்ணோட அர்த்தத்தை ஒரு இடத்துல மாத்தினா, அது தெரியாத இன்னொரு இடம் என்ன பண்ணும்ங்கறதுக்கு இதைவிட விலை உயர்ந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

நிஜமாவே டிஃபால்ட்டால வந்த ஆப்பு வேணுமா? 2017 ஜனவரி 31 ராத்திரி கிட்லேப்-ல ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சுட்டார். இதை எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு முக்கியமாப் படறது அதுக்கப்புறம் நடந்தது. பேக்கப்பைத் தேடிப் போனா காலி! ஏன்? டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6. பேக்கப் எடுக்கிற ஸ்கிரிப்ட், எந்த வெர்ஷன்னு ஒரு ஃபைலைப் பார்த்து முடிவு பண்ணும். பேக்கப் ஓடற சர்வர்ல அந்த ஃபைல் இல்லை. இல்லைன்னா என்ன பண்ணும்? டிஃபால்ட்டா 9.2-ஐ எடுத்துக்கும். 9.2 கருவி 9.6 டேட்டாபேஸைப் பேக்கப் எடுக்காது, எர்ரர் கொடுத்துட்டு நிக்கும். அந்த எர்ரர் மெயிலும் வழியிலயே திருப்பி விடப்பட்டதால யார் கண்ணுக்கும் படல. ஆக எவ்வளவோ நாளா பேக்கப்பே இல்லாம பேக்கப் இருக்குன்னு நிம்மதியாத் தூங்கியிருக்காங்க. அந்த ராத்திரிக்கு ஆறு மணி நேரம் முன்னாடி வேற ஒரு வேலைக்காக யாரோ கையால எடுத்து வெச்ச ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்திச்சு.

"வெர்ஷன் தெரியலை, நான் ஓட மாட்டேன்"னு அந்த ஸ்கிரிப்ட் நின்னு, யாராவது பார்க்கிற இடத்துல ஒரு தடவை கத்தியிருந்தா போதும். ஊகிச்சதுதான் வம்பு.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியே ஆகணும். அந்த நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில அழிச்ச ஆளோட பேர் கிடையாது, "டீம் மெம்பர் 1"னு மட்டும்தான் இருந்தது. ஏன் பேக்கப் இல்லை, ஏன் யாருக்கும் தெரியலைங்கறதைப் பக்கம் பக்கமா எழுதியிருந்தாங்க. அதே 2017 பிப்ரவரி 28-ல அமேசானோட எஸ்3 சேவை படுத்ததும் அப்படித்தான். கொஞ்சம் சர்வர்களை எடுக்கறதுக்கு அடிச்ச கமாண்ட்ல ஒரு இன்புட் தப்பாப் போய், நிறைய சர்வரை எடுத்துடுச்சு. அவங்க என்ன பண்ணாங்க? கருவியை மாத்தினாங்க. மெதுவாத்தான் எடுக்கும், குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழே போற மாதிரி சொன்னா எடுக்கவே எடுக்காது. அறிக்கையில கை நழுவின ஆளைப் பத்தின பேச்சைவிட, நழுவினா தாங்கற கருவியைப் பத்தின பேச்சுதான் அதிகம். எங்க ஆபீஸ் சுவத்துல அமேசான் மாதிரி சிந்திக்கணும்னு போஸ்டர் எல்லாம் ஒட்டியிருக்கு. ஹி ஹி.

2022 ஏப்ரல்ல அட்லாசியன்ல நடந்ததைப் பார்த்தா இன்னும் நெருக்கமா இருக்கும். ஒரு ஸ்கிரிப்ட். அதுக்கு ரெண்டு விதம்: அழிக்கப் போறேன்னு குறிச்சு மட்டும் வைக்கிறது, நிரந்தரமா அழிக்கிறது. தப்பான விதம், கூடவே தப்பான அடையாள எண் பட்டியல், ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து 775 வாடிக்கையாளர்களோட தளம் போயிடுச்சு. சிலருக்குத் திரும்பி வர 14 நாள் ஆச்சு. திரும்ப எடுக்க முடியற வேலையும் முடியாத வேலையும் ஒரே ஸ்கிரிப்ட்டுக்குள்ள ஒரு பாராமீட்டர் தூரத்துல உட்கார்ந்திருந்தா, என்னிக்காவது ஒரு நாள் கை மாறித்தான் போகும்.

கருவிகள் மேல பழி போடறதா நினைக்காதீங்க. கருவி செய்யறவங்க ரெண்டு கத்தியும் நம்ம கையில கொடுத்துட்டாங்க. பாஷ்ல வேரியபிள் பேருக்குப் பின்னாடி கோலன் போட்டு ஒரு ஹைஃபன் போட்டா, காலியா இருந்தா இதை எடுத்துக்கன்னு அர்த்தம். அந்த ஹைஃபனுக்குப் பதிலா கேள்விக்குறி போட்டா, காலியா இருந்தா இங்கேயே செத்துப் போன்னு அர்த்தம். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். 2015 ஜனவரியில லினக்ஸ்ல ஸ்டீம் விளையாட்டுச் செயலியோட ஸ்கிரிப்ட் ஒண்ணு ஜனங்களோட சொந்த ஃபைல்களையே அழிச்சது நினைவிருக்கா? ஃபோல்டர் பேர் வெச்சிருந்த வேரியபிள் காலியாப் போக, ஃபோல்டருக்குள்ள இருக்கறதை அழின்னு சொன்னது ரூட்ல இருந்து அழின்னு ஆயிடுச்சு. அந்த வரி பக்கத்துலயே இது பயமா இருக்குங்கற மாதிரி ஒரு குறிப்பு வேற எழுதியிருந்தாங்க. பயந்தவர் அந்தக் கேள்விக்குறியைப் போட்டிருக்கலாம்.

பவர்ஷெல் ஆசாமிகளுக்கு 2012-ல வந்த 3.0-ல இருந்து ஒரு வரப்பிரசாதம் உண்டு. பொது டிஃபால்ட்டுக்குன்னே தனியா ஒரு அட்டவணை. எந்தக் கமாண்டோட எந்தப் பாராமீட்டருக்கு என்ன மதிப்புன்னு அதுல எழுதிட்டா, அந்த செஷன் முழுக்க அதுதான். நட்சத்திரக் குறி போட்டு எல்லாக் கமாண்டுக்கும் சேர்த்தே எழுதலாம். மெயில் சர்வர் பேரை வைக்க அருமையான இடம், நானும் வெச்சிருக்கேன். ஆனா என் நண்பர் ஒருத்தர் எல்லாக் கமாண்டும் சும்மா ஒத்திகை மட்டும் பார்க்கணும்னு அதுல எழுதி, தன் ப்ரொஃபைல்ல போட்டு வெச்சிருந்தார். பாதுகாப்புக்காம்! அவர் மெஷின்ல எதை ஓட்டினாலும் ஒத்திகைதான். அந்த ஸ்கிரிப்ட்டை அப்படியே சர்வர்ல ஷெட்யூல் பண்ணார். அங்கே அவர் ப்ரொஃபைல் ஏது? ஒத்திகை இல்லை, நேரா அரங்கேற்றம். டிஃபால்ட் அவர் மெஷின்லயே தங்கிடுச்சு, ஸ்கிரிப்ட் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்தது. (நல்லவேளை, அது பழைய லாக் ஃபைலை அழிக்கிற ஸ்கிரிப்ட்.)

ஆன்சிபிள்ல கேக்கவே வேண்டாம். ஒரு வேரியபிளுக்கு மதிப்பு எங்கெங்கே இருந்து வரலாம், எது எதை ஜெயிக்கும்னு அவங்க ஆவணத்துலயே 22 படி போட்டிருக்காங்க. ரோலோட டிஃபால்ட் கிட்டத்தட்ட அடியில, கமாண்ட்ல நேரடியாச் சொல்றது உச்சியில. நடுவுல பத்தொன்பது படி. சபரிமலைக்கே பதினெட்டுதான்! அழிக்கிற வேலைக்கான மதிப்பு இந்த மாடிப்படியில எந்தப் படியில உட்கார்ந்திருக்குன்னு தேடற நிலைமையில நாம இருந்தா, சனிக்கிழமை காலையில அந்தத் தம்பி எப்படித் தேடுவான்? அதே ஆன்சிபிள்லதான் எந்த சர்வர்ங்கற இடத்துல "எல்லாம்"னு எழுதாம ஒரு வேரியபிள் பேரை எழுதி வெச்சு, அதுக்கு எங்கேயும் மதிப்பே கொடுக்காம விடலாம். ஓட்டறவர் சொன்னா ஓடும், சொல்லலைன்னா எர்ரர். அவ்வளவு சுலபம்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா அது என்னய்யா ஆட்டோமேஷன்? ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடற ஜாப் யார்கிட்ட கேக்கும்?" இது நல்ல கேள்வி. கேக்கச் சொல்லல. திரையில "நிச்சயமா?"ன்னு கேட்டா ரெண்டாவது வாரத்துல இருந்து எல்லாரும் படிக்காமலே ஆமாம்னு அடிப்பாங்க, நானே அடிப்பேன். நான் சொல்றது நின்னுடணும்னு. ராத்திரி ஜாப்ல ஒரே ஒரு தடவை "ப்ராட்"னு எழுதி வெச்சா தினமும் அதுவே ஓடும். எழுதின இடம் ஜாப்பாவே இருக்கு, ஜாப்பைப் பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியுது. தம்பியோட கையேட்டுல கமாண்டுக்குப் பக்கத்துல "டெஸ்ட்"னு ஒரு வார்த்தை கூடியிருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குச் சோம்பல்பட்டுத்தான் இவ்வளவும்.

எதுக்குப் பொது டிஃபால்ட் வைக்கலாம், எதுக்குக் கூடாதுன்னு நான் ஒண்ணே ஒண்ணைத்தான் பார்க்கிறேன். மதிப்பு தப்பாப் போனா ஸ்கிரிப்ட் கத்துமா, சிரிச்சுக்கிட்டே "வெற்றி"ன்னு சொல்லுமா? மெயில் சர்வர் பேர் தப்புன்னா மெயில் போகாது, உடனே தெரியும். வெச்சுக்கங்க. டைம் அவுட் தப்புன்னா வேலை பாதியில நிக்கும். வெச்சுக்கங்க. என்விரான்மென்ட் தப்புன்னா, எத்தனை நாள்ங்கறது தப்புன்னா, எத்தனை சர்வர்ங்கறது தப்புன்னா ஸ்கிரிப்ட் ரொம்ப சந்தோஷமா ஓடி முடியும். அதுக்குக் கூடாது. சாதுவாத் தெரியறதையும் நம்பிடாதீங்க. மேல சொன்ன "3 தடவை திரும்ப முயற்சி" இருக்கே, அதை வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பற ஸ்கிரிப்ட்டும் காமன் ஃபைல்ல இருந்து எடுத்துக்கிச்சு. முதல் தடவையே செய்தி போயிடுச்சு, ஆனா பதில் வர லேட். ஒரே ஆளுக்கு மூணு செய்தி. "உங்க பணத்தை இன்னும் கட்டலை"ன்னு. திட்டு வாங்கினது போன் எடுத்த பொண்ணு.

இருக்கிற டிஃபால்ட்டை மாத்தவே கூடாதுன்னும் சொல்லல. கிட்-ல பெயர் சொல்லாம புஷ் பண்ணா ஒரு காலத்துல பேர் பொருந்தற எல்லா பிராஞ்சும் ஒண்ணாப் போகும். 2014-ல 2.0 வந்தப்போ, நிக்கிற பிராஞ்ச் மட்டும் போற மாதிரி மாத்தினாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ரொம்ப நாள், புஷ் பண்றப்ப எல்லாம் இது மாறப் போகுது, உனக்கு எது வேணும்னு இப்பவே சொல்லி வெச்சுக்கன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தது. நாங்க? வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு, பஸ் பிடிக்கிற அவசரத்துல.

ஆர்.சி.ஏ.ல என் பேரையும் சேருங்கன்னு டேமேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். பெரிய தியாகின்னு நினைக்காதீங்க, போறதுக்கு நாலு நாள் ஆச்சு எனக்கு. "அது க்ளோஸ் ஆயிடுச்சுப்பா, க்ளையன்ட்டுக்கும் அனுப்பியாச்சு, இப்போ திறந்தா அசிங்கம்"னார். சரின்னு வந்து, காமன் ஃபைல்ல இருந்து என்விரான்மென்ட் வரியையும் நாள் வரியையும் அழிச்சேன். இந்தத் தடவை எல்லாருக்கும் ஒரு வாரம் முன்னாடியே மெயில் போட்டுட்டுத்தான். மெயிலை யாரும் படிக்கல, அது தெரிஞ்ச விஷயம். திங்கட்கிழமை காலையில பதினொரு ஸ்கிரிப்ட் ஓடாம நின்னுச்சு. அத்தனை பேரும் என் சீட்டைச் சுத்தி நின்னு கும்மிட்டாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும், "இது எங்கே ஓடணும்?"னு ஒரே கேள்விதான் கேட்டேன். ஒன்பது பேர் உடனே சொன்னாங்க. ரெண்டுக்கு யாருக்குமே பதில் தெரியல. ஒண்ணுக்கு அண்ணாத்தையே வந்து, பழைய மெயிலைத் தேடி, மத்தியானம் ஒரு வழியா டெஸ்ட்னு சொன்னார். இன்னொண்ணு இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. மூணு வாரம் ஆச்சு. யாரும் தேடி வரல.

டிஸ்கி: தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதினேன். பெஞ்ச்ல இருந்துக்கிட்டே வேற இடத்துல இன்டர்வ்யூ போயிட்டு வந்திருக்கான். பழைய ப்ராஜெக்ட்டை ஏன் விட்டேன்னு கேட்டாங்களாம். என்ன சொன்னேன்னு என்கிட்ட சொல்ல மாட்டேங்கறான்.